ஆசாத்வில்லுக்குக் குடிவரும் தமிழருக்கு

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்து வருகிற தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் சாண்ட்டனிலோ மிட்ராண்டிலோதான் வீடு பார்க்கின்றன. மேற்குப் பக்கம் வேலை அமைந்தவர்கள் மட்டும் ஆசாத்வில் எப்படி என்று விசாரிக்கிறார்கள். போன வருடம் மட்டும் மூன்று குடும்பங்கள் என்னிடம் கேட்டன. மூவருக்கும் ஒரே விஷயங்களைப் போனில் சொல்லி முடித்த பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் காயல்பட்டினத்துப் பெண். கணவருக்குப் பக்கத்து நகரமான க்ரூகர்ஸ்டார்ப்பில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது.

முதலில் ஊர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க் நகரத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரு பக்கம் கறுப்பின மக்கள் வாழும் கஹிசோ டவுன்ஷிப், சுற்றிலும் பழைய தங்கச் சுரங்கங்கள் கொட்டிவிட்டுப் போன மஞ்சள் மண்மேடுகள். மொகாலே சிட்டி நகராட்சிக்குக் கீழ் வருகிறது. குடியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் குஜராத்தி வழி முஸ்லிம்கள். சூரத் பக்கத்திலிருந்து வந்தவர்களைச் சூர்த்தி என்பார்கள், கத்தியவாரிலிருந்து வந்தவர்கள் மேமன். 1860 முதல் மதராஸிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகள். இந்தக் குஜராத்திகளுடைய முன்னோர் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். அந்த வேறுபாடு இன்றைக்கும் பேச்சில் எட்டிப் பார்க்கும்.

ஆசாத் என்றால் சுதந்திரம். ஆனால் இங்கே யாரும் விரும்பிக் குடிவரவில்லை. இன்ன நிறத்தவர் இன்ன இடத்தில்தான் வசிக்கவேண்டும் என்ற 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, க்ரூகர்ஸ்டார்ப் நகரத்துக்குள் கடையும் வீடுமாக இருந்த இந்தியர்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வந்தவர்கள் பள்ளிவாசல், மதரஸா, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் கைக்காசு போட்டுக் கட்டினார்கள். மத்ரஸா அரபியா இஸ்லாமியா என்ற பெரிய தாருல் உலூம், அதாவது மார்க்கக் கல்லூரி, இங்கேதான் இருக்கிறது. பல நாடுகளிலிருந்து பையன்கள் வந்து தங்கி ஓதுகிறார்கள். இந்தியாவில் தேவ்பந்திலுள்ள மதரஸாவின் வழியைப் பின்பற்றுவது. ஊரின் கட்டுப்பாடுகள் பலவும் அந்த வழியிலிருந்து வந்தவை. எதையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள்.

இனி வரிசையாகச் சொல்கிறேன்.

வீடு தேடும்போது

இணையத்தில் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் நல்ல வீடுகள் வாய்வழியாகத்தான் கைமாறுகின்றன. க்ரூகர்ஸ்டார்ப்பிலோ, இந்தியர் அதிகம் வாழும் லெனேசியாவிலோ கடை வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் அவர் மூலம் கேளுங்கள். முழு வீடு கிடைப்பது அரிது. பெரிய வீட்டின் பின்புறம் தனி வாசலோடு கட்டிய ஓரிரு அறைகளைக் காட்டேஜ் என்பார்கள். ஆரம்பத்துக்கு அது போதும், உரிமையாளர் குடும்பத்தோடு பழக்கமும் ஏற்படும்.

குடியிருப்பு ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். மது கூடாது, பன்றி இறைச்சி கூடாது, நாய் கூடாது என்ற வரிகள் இருக்கலாம். வாயால் சொல்லிவிட்டு எழுதாமலும் விடலாம். எனவே நீங்களே கேட்டுவிடுங்கள். நீங்கள் வேறு மதம் என்பதற்காக மட்டும் வீடு இல்லை என்று சொல்ல 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இடம் கொடுக்காது. அதே சமயம் உங்கள் பழக்கவழக்கங்களை மறைத்துக் குடிவந்தால் மூன்றாம் மாதம் மனக்கசப்புதான் மிஞ்சும். வெளிப்படையாகப் பேசிய குடும்பங்களுக்கு இங்கே வீடு கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

முன்பணம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி உங்கள் முன்பணத்தை வட்டி தரும் கணக்கில் போட்டு, காலி செய்யும்போது வட்டியோடு திருப்பித் தரவேண்டும். வட்டி என்ற சொல்லே இங்குள்ள பல உரிமையாளர்களுக்குச் சங்கடம். முஸ்லிமாக இருந்தால் உங்களுக்கும் சங்கடம்தான். முதல் நாளே உட்கார்ந்து பேசி, அந்தத் தொகையை என்ன செய்வது என்று இருவரும் ஒத்துக்கொண்டதை எழுதி வாங்குங்கள். குடிபுகும்போதும் காலி செய்யும்போதும் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும் என்பதும் சட்டம். சுவர்க் கீறல், கசியும் குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். நாங்கள் முன்பு இருந்த வேறொரு பகுதியில் இதைச் செய்யாமல் விட்டோம். ஏற்கெனவே உடைந்திருந்த கதவுக்கு எங்கள் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டைப் பகலில் மட்டும் பார்க்காதீர்கள். விடிகாலைத் தொழுகையான சுபுஹு நேரத்தில் ஒருமுறை அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் உங்கள் தூக்கத்துக்கு ஒத்துவருமா என்று அப்போதுதான் தெரியும். டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ பீச்சில் ஒரு மதரஸாவின் பாங்கு எதிர்வீட்டுக்காரர் காதில் விழக்கூடாது என்று 2020இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஒலிபெருக்கி வைக்காத பாங்கு அது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. நீதிமன்றம் வரை போகிற விஷயத்தை ஒரு விடிகாலை நடையில் தெரிந்துகொள்ளலாமே.

ஊரின் நேரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நாள் ஓடுவது தொழுகை நேரத்தை வைத்து. "ஐந்து மணிக்கு வருகிறேன்" என்பதைவிட "அஸருக்கு அப்புறம் வருகிறேன்" என்பதே அதிகம் காதில் விழும்; அஸர் என்பது பிற்பகல் தொழுகை. வந்த முதல் வாரமே அந்த மாதத்துத் தொழுகை அட்டவணை ஒன்றை வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கும்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் நேரங்கள் வருடம் முழுக்க அதிகம் மாறாது. இங்கே நிறைய மாறும். டிசம்பரில் காலை 4 மணிக்கு முன்பே சுபுஹு நேரம் தொடங்கிவிடும், சூரியன் மறைய மாலை 7 ஆகும். ஜூனில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இருப்பதால் பகல் 12 மணிக்கு மேல் இரண்டு மணி வரை கடைக்குப் போகும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வந்த முதல் வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் காய்ச்சல். மருந்து வாங்க நடந்து போனேன், தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. கடைகள் அத்தனையும் பூட்டு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கடை நிழலில் நின்றிருந்தேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா பார்த்துவிட்டு, மகளைக் கீழே அனுப்பி என்னை உள்ளே அழைத்து, தன் வீட்டில் இருந்த மருந்தைக் கொடுத்தார். இன்றைக்கு எனக்கு இங்கே இருக்கும் மிக நெருங்கிய உறவு அவர்தான். ஆனால் நீங்கள் ஜும்ஆவுக்கு முன்பே மருந்து வாங்கி வைத்துவிடுங்கள்.

சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு சொன்னதும் பத்து இருபது நிமிடம் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம், போனும் செய்ய வேண்டாம்.

"நீங்கள் தமிழா, முஸ்லிமா?"

இந்தக் கேள்வி உங்களிடம் கட்டாயம் வரும். தென்னாப்பிரிக்காவில் தமிழ் என்பது மொழியை மட்டும் குறிப்பதில்லை. தமிழ் வழி இந்து என்பதையே இங்கே தமிழ் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். தமிழ் பேசாத நான்காம் ஐந்தாம் தலைமுறைக்காரரும், காவடி எடுப்பார், புரட்டாசியில் கறி தொடமாட்டார் என்றால் இங்கே தமிழ்தான். நாங்கள் தமிழ் என்று வீட்டு உரிமையாளர் அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார். முதல் வாரம் பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டில் எனக்கென்று தனியாகப் பருப்பும் கத்தரிக்காயும் இருந்தன. வெள்ளிக்கிழமை என்பதால் கறி சாப்பிடமாட்டேன் என்று நினைத்து அவ்வளவு கவனமாகச் செய்திருந்தார்கள். நான் தொழுவதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுப் பிள்ளை ஓடிப்போய்த் தன் உம்மாவிடம் சொன்னது.

முஸ்லிமாக இருந்தால், "நாங்கள் முஸ்லிம், வீட்டில் பேசுவது தமிழ்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழில் குர்ஆன் விளக்கமும் மார்க்க நூல்களும் இருக்கின்றன என்பதே பலருக்குப் புதிய செய்தி. இந்துவாகவோ கிறிஸ்தவராகவோ இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். தெரிந்துவிட்டால் அதற்கேற்ற மரியாதை கிடைக்கும்.

காயல், கீழக்கரை பக்கமிருந்து வருகிறவர்களுக்கு

மார்க்கச் சட்ட வழிகளில் (மத்ஹப்) நாம் ஷாஃபி. இவர்கள் ஹனஃபி. ஊரில் இருக்கும்போது பெரிதாகத் தெரியாத வித்தியாசம் இங்கே ஐந்து வேளையும் தெரியும். அஸர் நமக்கு நேரம் வந்த பிறகும் இங்கே கூட்டுத் தொழுகையான ஜமாஅத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும். சுபுஹில் குனூத் என்ற துஆவை ஓதமாட்டார்கள். ஆமீனைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். என் கணவர் முதல் நாள் சத்தமாக ஆமீன் சொன்னபோது இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்களாம், அவ்வளவுதான். தொழுகை முடிந்து ஒரு பெரியவர், "ஷாஃபியா? கேப் டவுனா?" என்று கேட்டிருக்கிறார். கேப் மலாய்க்காரர்கள் ஷாஃபி என்பதால் இவர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். உங்கள் முறைப்படி தொழுதுகொள்ளுங்கள். பள்ளிக்குள் நின்று மஸ்அலா (மார்க்கச் சட்ட) விவாதம் மட்டும் வேண்டாம்.

தொழும் திசையான கிப்லா விஷயத்தில் கவனம். ஊரில் மேற்கே பார்த்து நின்று தொழுத பழக்கத்தில் கால் தானாக மேற்கே திரும்பும். இங்கிருந்து மக்கா வடக்கே, கிழக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, ஏறக்குறைய 15 பாகை. வீட்டுக்குள் ஒரு அடையாளம் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது வேறு. காயலில் பெண்களுக்கென்று தைக்கா உண்டு. சேர்ந்து தொழுவோம், ஓதுவோம், பேசுவோம். எங்கள் தெருப் பள்ளியில் பெண்களுக்கு இடம் இல்லை. கௌட்டெங் மாகாணத்தில் தேவ்பந்து வழிப் பள்ளிகள் பலவற்றிலும் அப்படித்தான். முதல் ரமலானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை நேரத்தில் சமையலறையில் தனியாக நின்றபோது அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, இங்கே பெண்களின் கூட்டம் வீடுகளில் நடக்கிறது. வாரம் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் தாலீம் என்னும் மார்க்க வகுப்பு இருக்கும். அழைப்பிதழ் எல்லாம் வராது. பக்கத்து வீட்டம்மாவிடம் "தாலீம் என்றைக்கு?" என்று நீங்களே கேட்கவேண்டும். கேட்டால் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். பெண்களுக்கு இடம் இல்லாதது எனக்கு இன்றும் ஒப்புதல் இல்லை. அதை அந்தத் தாலீமிலேயே சொல்லியிருக்கிறேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மௌலூது, கந்தூரி, தர்கா ஜியாரத் எல்லாம் இங்கே பித்அத், அதாவது மார்க்கத்தில் இல்லாத புதுமை. ஊரில் செய்வதுபோல் அக்கம்பக்கத்தை அழைத்து மௌலூது ஓதினால் தர்மசங்கடத்தில் விட்டதாக ஆகும். வீட்டோடு ஓதிக்கொள்ளுங்கள், உள்ளே வந்து யாரும் கேட்கப் போவதில்லை. அப்புறம் நண்டு. ஹனஃபியில் அது ஆகாது. இறாலுக்கு இங்கே பிரச்சினை இல்லை, விரும்பியே சாப்பிடுகிறார்கள். நண்டுக் குழம்பு வைத்த நாளில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்.

முஸ்லிம் அல்லாத தமிழர்களுக்கு

தெருவில் மதுப்பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், காலிப் பாட்டிலை வாசல் குப்பையில் தெரியும்படி போடாதீர்கள். நான் பார்த்தவரை இங்குள்ள கடைகளில் மது கிடையாது. பெண்கள் முக்காடு போடவேண்டிய அவசியமில்லை. சுடிதாரோ தளர்வான நீளச் சட்டையோ போதும். ஆண்கள் தொடை தெரியும் அரைக்கால்சட்டையோடு பள்ளிவாசல் பக்கம் போகவேண்டாம். எதிர்ப் பாலினத்தவருக்குக் கை நீட்டாதீர்கள். நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும். ஒருவர் கை கொடுக்காவிட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதர்களைப் போட்டோ எடுக்குமுன் கேளுங்கள். உருவப்படம் எடுப்பதே தவறு என்று நம்புகிறவர்கள் இங்கே நிறைய.

வீட்டுக்குள் உங்கள் பூஜை உங்களுடையது. தீபாவளிக்கு விளக்கு வைக்கலாம், பலகாரம் கொடுக்கலாம். நெய்யில் செய்தது, ஜெலட்டின் இல்லை என்று சொல்லிக் கொடுத்தால் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். சாமிக்குப் படைத்ததை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, படைக்காததைக் கொடுங்கள். வெடிக்கு நகராட்சி விதிகள் உண்டு, முன்பே விசாரியுங்கள். கோயிலுக்கு என்றால் ஜோகன்னஸ்பர்க் மெல்ரோஸில் பழைய சிவ சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்குக் கூட்டம் அலைமோதும்.

ஒரு நாள் நேரம் ஒதுக்கி நியூடவுனில் இருக்கும் ஹமீதியா பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1908 ஆகஸ்ட் 16 அன்று அதன் வாசலில்தான், காந்தி தலைமையில், இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களை ஒரு பெரிய இரும்புப் பானையில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் குஜராத்தி முஸ்லிம் வியாபாரியும் இருந்தார், தம்பி நாயுடுவைப் போன்ற தமிழரும் இருந்தார். சிறைக்குப் போய் வந்து 1914இல் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மை இந்த ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு உரிமையாளரிடம் ஒருநாள் எடுத்தேன், தேநீர் இரண்டு முறை ஆறிப்போனது.

போகவர, பிள்ளைகள், தட்டுகள்

கார் இல்லாமல் இங்கே குடும்பம் நடத்துவது கடினம். மினிபஸ் டாக்சிகள் உண்டு, ஆனால் இருட்டிய பிறகு அவற்றை நம்பி இருக்கவேண்டாம். மின்சாரத்துக்குப் பெரும்பாலும் முன்பணம் கட்டி எண் வாங்கிப் போடும் மீட்டர்தான். தண்ணீர் சில நாள் வராது, இரண்டு பெரிய குடங்களாவது நிரப்பி வையுங்கள். இட்லி அரிசி, உளுந்து, புளிக்கு லெனேசியாவோ ஃபோர்ட்ஸ்பர்க்கோ போகவேண்டும். நல்ல எண்ணெய்க்கும் அங்கேதான். கறிக்கு அலைய வேண்டாம், எல்லாமே ஹலால். பொட்டலப் பொருள்களில் சான்ஹா என்ற ஹலால் முத்திரை இருக்கிறதா என்று இங்குள்ளவர்கள் திருப்பிப் பார்ப்பார்கள். யாருக்காவது வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் நீங்களும் பாருங்கள்.

பள்ளிக்கூட ஆண்டு ஜனவரியில் தொடங்கும். ஜூனில் வந்து இறங்கினால் பிள்ளைக்கு இடம் கிடைப்பது சிரமம். முஸ்லிம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்ததும் பிற்பகலில் மதரஸாவுக்குப் போவார்கள். எனவே மாலை ஐந்து மணி வரை தெருவில் விளையாட ஆள் கிடைக்காது. வேறு மதத்துப் பிள்ளைகளுக்கு இது தனிமையாக இருக்கும், அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். ஓதிக்கொடுக்கும் ஆணை மௌலானா என்றும் பெண்ணை ஆப்பா என்றும் கூப்பிட வேண்டும். வயதில் மூத்தவர்கள் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி. வெறும் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளையை வளர்த்த விதம் சரியில்லை என்று நினைப்பார்கள்.

வீட்டில் ஆண் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு ஆண் உள்ளே வரமாட்டார், வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விருந்துக்கு அழைத்தால் ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. கல்யாணத்திலும் தனித்தனி மண்டபம், பாட்டு இருக்காது. யாராவது மௌத்தானால் (இறந்தால்) அடக்கம் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். பெண்கள் அந்த வீட்டுக்கும், ஆண்கள் மையவாடிக்கும் (அடக்கத்தலத்துக்கும்) போவார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் வந்தால் அந்தக் குடும்பம் அதை வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கும்.

ரமலான்

நோன்பு மாதத்தில் மக்ரிபுக்கு அரை மணி நேரம் முன்பு தெருவில் பிள்ளைகள் தட்டு தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பீர்கள். சமோசா, ஹலீம், பழம். உங்கள் வீட்டுக்கும் வரும், நீங்கள் எந்த மதமானாலும் வரும். தட்டைக் கழுவி வையுங்கள், அன்றே திருப்பித் தரவேண்டும் என்பதில்லை. இரண்டு நாள் கழித்து ஏதாவது வைத்துக் கொடுத்தால் போதும். நான் முதல் வருடம் நோன்புக்கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "இது ஹலீமா?" என்று கேட்டார்கள். இப்போது என் கஞ்சியை எதிர்பார்த்து மூன்று வீடுகள் பாத்திரம் அனுப்புகின்றன. கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பாவது போய்விடுங்கள்.

பெருநாள் இந்த நாட்டில் பொது விடுமுறை இல்லை. பிறை உள்ளூரில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சவூதியில் அறிவித்துவிட்டார்கள் என்று இங்கே பெருநாள் ஆகாது. வேலையிடத்தில் பெருநாள் ஆகக்கூடிய இரண்டு தேதிகளையும் எழுதி, எது ஆகிறதோ அன்றைக்கு விடுப்பு என்று முன்பே கேட்டு வையுங்கள். நோன்பு 29 அன்று மக்ரிபுக்குப் பிறகு லெனேசியாவிலிருந்து ஒலிபரப்பாகும் ரேடியோ இஸ்லாத்தை எல்லா வீட்டிலும் வைத்திருப்பார்கள். அறிவிப்பு வந்ததும் தெரு முழுக்க விளக்கு எரியும், கடைகள் மறுபடி திறக்கும். அன்று மாலையே ரவையும் சர்க்கரையும் வாங்கி வைத்துவிடுங்கள். பிறை தெரிந்த பிறகு கடைக்குப் போனால் வரிசை வாசல் தாண்டி நிற்கும்.